ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை

நீ மெயிலில் அனுப்பிய பக்கத்தைப் படித்து முடித்தேன். "இங்கிலீஷை மட்டும் பாத்துக் குடுங்கம்மா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று ஃபோனில் சொன்னாய். சொன்னபடியே பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. காலம் மாறவில்லை, எழுத்து பிசகவில்லை, காற்புள்ளி முதற்கொண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஆம்பூரில் அத்தனை வருடம் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். என் வகுப்பில் இப்படி ஒரு தாள் வந்திருந்தால் முழு மார்க் போட்டு மற்றவர்களுக்கும் படித்துக் காட்டியிருப்பேன். ஆனால் இதை உன் மனைவிக்கு அனுப்பலாமா என்று நீ என்னைக் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "மீட்டிங் இருக்கும்மா" என்பாய். கடிதத்துக்கு முன்னால் அந்தச் சாக்கு செல்லாது. கையால் எழுதுகிறேன், கொரியரில் வரும், உட்கார்ந்து படி.

நீ எழுதிய பக்கத்தில் இல்லாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று காலை நீ ராணிப்பேட்டையில் உன் ஆபீஸில் இருந்தாய். இங்கே இருந்தது நான். நித்யா என்றும்போல சத்துவாச்சாரியில் பஸ் ஏறி, ஆம்பூரில் இறங்கி, ஷூ ஃபாக்டரி கேட்டில் அட்டெண்டன்ஸ் மெஷினில் விரலை வைத்திருக்கிறாள். மெஷின் எடுக்கவில்லை. துப்பட்டாவில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்திருக்கிறாள். அப்போதும் எடுக்கவில்லை. பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது, அவள் வெட்டித் தருகிற பேட்டர்னை வைத்துத் தைக்கிற பெண்கள் அவர்கள். செக்யூரிட்டிக்காரர்தான் சொல்லியிருக்கிறார்: "இன்னாம்மா, உனக்கே தெரியாதா? நேத்தோட உன் பேரை எடுத்துட்டாங்களே. உங்க வீட்டுக்காரர்தான் ஹெச்.ஆருக்கு ஃபோன் போட்டு, இனிமே வராதுன்னு சொன்னாராம்." அந்த ஹெச்.ஆர். உன் கல்லூரித் தோஸ்த். நீ சொன்னாய், அவன் கேட்டுக்கொண்டான், வேலை முடிந்தது.

அங்கிருந்து நடந்து நம் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கேட்டாள், குடித்தாள், அழவில்லை. "மாமா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று உன் அப்பாவைக் கேட்டாள். "சத்தியமா தெரியாதும்மா" என்றார் அவர். என்னிடம் திரும்பியவள், "அத்தை, இன்னா பண்ணாருன்னு அவரு வாயால சொல்லட்டும். நேரா வந்து சொல்லட்டும். அப்புறம் மத்ததைப் பேசிக்கலாம்" என்றாள். வேலூர் பஸ்ஸில் ஏறியவள் சத்துவாச்சாரி வரை போகவில்லை. வழியில் பள்ளிகொண்டாவிலேயே, அவள் அப்பா அம்மா வீட்டில் இறங்கிவிட்டாள். இரண்டு வாரம் ஆகிறது. உன் வாயால் சொல்லத்தான் கேட்டாள், நீ ஒரு பக்கம் டைப் அடித்திருக்கிறாய்.

என் வகுப்பில் பெயர்ச்சொல் ஆக்கும் பயிற்சி வருடா வருடம் வரும், உனக்கும் நான் வீட்டில் நடத்தியிருக்கிறேன். வினைச்சொல்லோ பண்புச்சொல்லோ கொடுத்திருப்பார்கள், வாலில் ஒன்றை ஒட்டிப் பெயராக்க வேண்டும். 'டிசைட்' என்றால் 'டிசிஷன்', 'மூவ்' என்றால் 'மூவ்மென்ட்', 'ரெஃப்யூஸ்' என்றால் 'ரெஃப்யூசல்', 'கைண்ட்' என்றால் 'கைண்ட்னஸ்'. மற்ற ஊர்களில் பிள்ளைகள் இதற்குத் திணறுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நம் ஊரில் அந்தப் பிரச்சினையே கிடையாது. தோல் பதனிடுகிற ஊர் இது. "'திக்' என்பதற்குப் பெயர்ச்சொல்?" என்று கேட்டு முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து "திக்னஸ்!" என்று கத்துவார்கள். 'சாஃப்ட்' என்றால் 'சாஃப்ட்னஸ்'. 'லூஸ்' என்றால் 'லூஸ்னஸ்' என்று, புத்தகத்திலேயே இல்லாததைச் சேர்த்துச் சொல்வார்கள். அப்பன்மார் சாப்பிடும்போது பேசுவதெல்லாம் அதுதானே: ஷேவிங், பஃபிங், ஃபினிஷிங், செலக்ஷன், ரிஜெக்ஷன். ஆங்கிலத்தில் முழுசாக ஒரு வாக்கியம் பேசாத வீடுகளில்கூட இந்தப் பெயர்கள் மட்டும் சோற்றோடு கலந்து கிடக்கும். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, பாதி வேலையைத் தொழிற்சாலைகளே செய்துகொடுத்துவிட்டன என்று.

பெயர்ச்சொல் தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அது இல்லாமல் வேலை நடக்காது. நடந்ததைப் பெயராக்கினால்தான் அதைத் தூக்கி மேசைமேல் வைக்க முடியும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும், கோப்பில் போட முடியும். உன் அப்பா ஃபினிஷிங் செக்ஷனில் இருந்த காலத்தில் இதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். தோலில் வயிற்றுப்பக்கம் தளதளவென்று இருந்தால் 'லூஸ்னஸ்' என்று எழுதுவார்கள். அது மாட்டின் வயிறு, பிறந்ததிலிருந்தே அப்படித்தான், அதற்கு யாரும் பொறுப்பில்லை. மேலே அடித்த கலர் உரிந்து வந்தால் 'பீலிங்' என்று எழுதுவார்கள். அது மாடு செய்ததில்லை. "லூஸ்னஸ்னு எழுதினா எவனும் யாரையும் கேக்க மாட்டான். பீலிங்னு எழுதினா, இன்னிக்கு ஸ்ப்ரே அடிச்சது யாருன்னு கேக்கணும். ரெண்டும் ஒரே லைன்ல, ஒரே மாதிரிதான் எழுதறாங்க" என்று சிரிப்பார். யாரும் செய்யாததற்கும் ஒருவர் செய்ததற்கும் ஒரே சட்டையை மாட்டிவிடலாம், அதுதான் இந்தச் சொற்களில் உள்ள வசதி.

அந்த வசதி நம் வீட்டுக்குள்ளேயே ஒருநாள் வந்தது. நீ அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு ஞாபகம் இருக்காது. சாப்பிட உட்கார்ந்த உன் அப்பா, "பிளான்ட்ல ரிடக்ஷன்" என்றார். நான் ரசம் ஊற்றிக்கொண்டே "யாரை?" என்று கேட்டேன். "ஆளுங்களைத்தான்." "எந்த ஆளுங்களை?" என்றேன். இரண்டு பேர் பெயரைச் சொன்னார். தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார், எழுந்துபோய்க் கை கழுவினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழாயை மூடாமலேயே, "என்னையும் சேத்துத்தான்" என்றார். எனக்கு அன்று வந்த துக்கம் வேலை போனதற்கு இல்லை, அந்த மனிதர் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு தட்டுச் சோறு முழுக்கச் சாப்பிட்டாரே என்பதற்கு. மறுநாள் போய்ப் பார்த்தால் கம்பெனி நோட்டீஸ் போர்டிலும் அதே சொல்தான் ஒட்டியிருந்தது. வேலையை விட்டு நிறுத்தியவனுக்கும் நிறுத்தப்பட்டவனுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. "அன்னிக்கு நீ கேக்கலைன்னா நான் டப்பாவைத் தூக்கிக்கினு இன்னும் கொஞ்ச நாள் சும்மா போய்ட்டு வந்துனு இருந்திருப்பேன்" என்று பின்னாளில் அவரே சொன்னார்.

ஆங்கிலத்தின்மேல் மட்டும் பழி போட்டால் அதுவும் நியாயமில்லை. நம் தமிழும் இதில் கெட்டிக்காரிதான். 'மனக்கசப்பு ஏற்பட்டது' என்று எழுதினால் கசப்பு எங்கிருந்தோ நடந்துவந்து திண்டில் சாய்ந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். பள்ளிக்கூடம் போகிற வயதில் நீ எதிர்வீட்டு பாயின் ஸ்கூட்டர் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நின்றாயே, அப்போது என்ன சொன்னாய்? "கண்ணாடி உடைஞ்சிடுச்சும்மா." தானாகவா என்று கேட்டேன். "கிரிக்கெட் பால் பட்டு." பால் தானாகப் போனதா? "பேட்ல பட்டு." பேட் யார் கையில் இருந்தது? கடைசியில் "நான்தான் அடிச்சேன்" என்று கத்தி அழுதாய். போய் அவரிடமே சொல்லிவிட்டு வா என்று அனுப்பினேன். திரும்பி வரும்போது உன் கையில் ஒரு வாழைப்பழம் இருந்தது. "போனா போவுது, ஜாஸ்தி அழாதே, பேஜாரா இருக்குதுன்னாரும்மா" என்றாய். அன்று மாலை நீ நன்றாகச் சாப்பிட்டாய், சீக்கிரம் தூங்கியும் போனாய். உன்னைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. உன்னால் முடியும் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஆதாரம் இது ஒன்றுதான்.

இப்போது நீ எழுதிய பக்கத்துக்கு வருகிறேன். வேலையின் 'டிஸ்கன்டின்யூவேஷன்' நடந்திருக்கிறது. அது பயணக் கஷ்டத்தையும் உடல்நிலையையும் 'கன்சிடரேஷனில்' எடுத்து நடந்தது. இடையில் 'மிஸ்கம்யூனிகேஷன்' ஏற்பட்டது. அதனால் 'இன்கன்வீனியன்ஸ்' உண்டானது. அதற்காக 'ரிக்ரெட்' தெரிவிக்கப்படுகிறது. எதிர்காலத்தில் 'இம்ப்ரூவ்மென்ட்' இருக்கும். பக்கம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், ஓர் ஆள் கிடையாது. நீயும் இல்லை, நித்யாவும் இல்லை, ஃபோன்கூட இல்லை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவன் ஷூ சோல் பிரிந்துவிட்டது என்று புகார் அனுப்பினால் நீ ஆபீஸில் உட்கார்ந்து எழுதுவாயே ஒரு பதில், அதேதான் இது. நாள் முழுக்க அதையே எழுதுகிற கை, வீட்டுக்கும் அதையே எழுதிவிட்டது. உன்னை நான் பொய்யன் என்று சொல்லவில்லை, இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எனக்குக் கோபம் வந்ததற்கே அதுதான் காரணம். பொய் சொல்லியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம்.

நீ அவள் நல்லதுக்குத்தான் செய்தாய் என்பதையும் நான் மறுக்கவில்லை. சத்துவாச்சாரிக்கும் ஆம்பூருக்கும் தூரம் ஜாஸ்திதான். இருட்டிய பிறகு வந்து இறங்குவாள், ஒருநாள் பஸ்ஸிலேயே மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நீ பதறிக்கொண்டு சொன்னபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதைப் பற்றி நீ அவளிடம் பேசியிருக்கலாம். பேசி, அவள் மாட்டேன் என்று சொல்லி, நீ கோபித்துக்கொண்டு நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால்கூட அது குடும்பம். நீ செய்தது வேறு. அவளுக்குப் பதிலாக நீயே பேசிவிட்டாய், அதுவும் அவளைத் தவிர மற்ற எல்லோரிடமும்.

இது நீ கண்டுபிடித்ததும் இல்லை. நம் ஊர்ப்பக்கம் வழக்கமே இதுதான். என்னிடம் படித்துவிட்டு ஷூ கம்பெனிக்குப் போன பெண்களைக் கடைத்தெருவில் பார்ப்பேன். "வேலைக்குப் போறியாடி?" என்பேன். "நின்னாச்சு டீச்சர்" என்பார்கள். "ஏன் நின்னே?" "நான் எங்க டீச்சர் நின்னேன், நிறுத்திட்டாங்க." "யாரு?" "வூட்லதான்." கல்யாணம் நிச்சயமானால் அப்பன் போய்க் கேட்டில் நின்று என் பொண்ணு நாளையிலிருந்து வராது என்பான், இல்லாவிட்டால் அண்ணன்காரன் போவான், கல்யாணம் ஆகியிருந்தால் புருஷன். கம்பெனியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. வேலைக்குச் சேரும்போது அவளே கையெழுத்துப் போட வேண்டும், நிற்கும்போது யார் சொன்னாலும் போதும். உன் தோஸ்த்துக்கு இதில் உறுத்தல் எதுவும் இருந்திருக்காது. ஷூ டிசைனில் டிப்ளமோ முடித்து, சாம்பிள் ரூமில் தனக்கென்று ஒரு மேசை வைத்திருக்கிற நித்யாவுக்கும் அதே வழக்கம் செல்லும் என்று நீங்கள் இருவரும் நினைத்துவிட்டீர்கள். அவள் அந்த மேசைக்காகக் கல்யாணத்துக்கு முன்பே உன்னிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தது எனக்குத் தெரியும். நீதான் வந்து சொன்னாய், "ரொம்பத் தெளிவா இருக்காம்மா" என்று பெருமையாக.

இதற்குமேல் உனக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அவளே ஃபாக்டரிக்கு ஃபோன் செய்து பேசிவிட்டாள். நான் வேலையை விடவில்லை, விடுவதாக யாரிடமும் சொல்லவில்லை என்று சாம்பிள் ரூம் பெரியவரிடம் சொல்லியிருக்கிறாள். வா என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறாள், பள்ளிகொண்டாவிலிருந்து. அங்கிருந்து ஆம்பூர் கிட்டத்தான். உன் அப்பா நேற்று பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தாராம். "முகம் தெளிஞ்சிருக்கு. அலைச்சல் கம்மி ஆயிடுச்சு இல்ல" என்று வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவரே கவலையாக உட்கார்ந்துவிட்டார். பயணக் கஷ்டம் என்று நீ எழுதிய பிரச்சினை தீர்ந்துவிட்டது, நீ இல்லாமலேயே தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அவளுக்கு அது பழகிவிடும். யார் யாரை விட்டு விலகினார்கள் என்று சொல்ல வேண்டிய அவசியம்கூட இருக்காது. கேட்கிறவர்களுக்கு நாமும் 'செப்பரேஷன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதற்கு நான் பயப்படுகிறேன். நான் பயப்படுகிறேன் என்று உன்னிடம் அதிகம் சொன்னதில்லை.

அன்று அவளை பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். போகாதே என்று தடுக்கவில்லை, தடுக்க எனக்கு நியாயம் இருக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்த பிறகுதான் தலையை வெளியே நீட்டினாள். "ஃபோன் பண்ணிட்டேன்னு அவரு முந்தின நாளே சொல்லியிருந்தா, வீட்லயே பெரிய சண்டை போட்டிருப்பேன் அத்தை. போட்டுட்டு, காலைல எழுந்து வேலைக்கும் வந்திருப்பேன்" என்றாள். வண்டி நகர்ந்துவிட்டது. நீ என்னிடம் தினமும் கேட்கிறாயே, அவள் மனதில் என்னதான் இருக்கிறது என்று. இதுதான் இருக்கிறது. உன்னோடு போட வேண்டிய சண்டையைப் போட இடம் கிடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே உன் பக்கத்தை நான் திருத்தவில்லை. திருத்த அதில் ஒன்றும் இல்லை. ஆபீஸுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள், எந்த பையருக்காவது உதவும். அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வா என்றும் நான் சொல்லவில்லை. வருவதும் வராததும் அவள் விருப்பம், அதையும் நீ முடிவு செய்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களை அழைத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு யோசனை வைத்திருக்கிறாய், அது வேண்டாம். நாங்கள் வந்தால் எங்கள் பங்குக்கு நாலு பெயர்ச்சொல் கொண்டுவருவோம். காரில் போகாதே, தெருவே எட்டிப் பார்க்கும். சத்துவாச்சாரியில் அவள் தினமும் ஏறிய அதே பஸ்ஸில் ஏறு, கூட்டமாகத்தான் இருக்கும், நின்றுகொண்டே போ. பள்ளிகொண்டாவில் இறங்கு. பழம், ஸ்வீட் என்று எதையும் தூக்கிக்கொண்டு போகாதே, கை காலியாக இருக்கட்டும். அவர்கள் வீட்டுக் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும், தட்ட வேண்டும். உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்பாள். "நான்தான்" என்று சொல். சொல்லிவிட்டு, அவள் கதவைத் திறக்கட்டும் என்று காத்திருக்காமல், மீதியையும் அங்கேயே சொல்லி முடி: "நான்தான் ஃபோன் பண்ணேன்."

அம்மா